வேகத்துக்கு விலை

ரேடியோ ரிமோட்டில் ஓடும் குட்டி வேகப் படகை வாங்குகிறவர்கள் சும்மா இருப்பதில்லை. 7.2 வோல்ட் பேட்டரியைக் கழற்றிவிட்டு 11.1 வோல்ட் லித்தியம் பேட்டரி, பிரஷ் இல்லாத மோட்டார் என்று மாற்றுகிறார்கள். வேகம் கூடுகிறது, கூடவே சூடும். அதைத் தணிக்க மோட்டாரைச் சுற்றி நீர் ஓடும் குழாய். ஓடும்போது படகின் பக்கவாட்டில் நீர் பீய்ச்சாவிட்டால் உடனே நிறுத்த வேண்டும்.

முதல் சோதனை ஏரியில் அல்ல, குளியல் தொட்டியில். சுழலியின் தண்டு நுழையும் இடத்தில் கசிகிறதா? ரிமோட்டை அணைத்தால் மோட்டார் நிற்கிறதா? பேட்டரி அதிகம் பின்னால் இருந்தால் மூக்கு தூக்கிப் படகு குட்டிக்கரணம் போடும். முன்னால் இருந்தால் மூக்கு நீரில் அழுந்தி வேகம் போய்விடும். கவிழ்ந்தாலும் மிதக்க, உள்ளே கொஞ்சம் தெர்மாகோல்.

நடு ஏரியில் நின்றுவிட்டால் ரிமோட் உதவாது. அப்போது கைகொடுப்பது தூண்டில் நூலும் அதன் முனையில் கட்டிய டென்னிஸ் பந்தும்தான்.