பழியெல்லாம் பம்புக்கா?

பிழைப்பைத் தேடி ஆந்திரத்துக்கு வந்த நம் குடும்பங்கள் இன்று ஓரளவு வசதியாக இருக்கின்றன. வீட்டுக்கு ஒரு கார் என்று ஆகிவிட்டது. ஊரில் ஒரு காதுகுத்து, திருத்தணியில் ஆடிக் கிருத்திகை, பொங்கலுக்கு நாலு நாள் லீவு என்றால் பெரியவர், குழந்தைகளோடு கிளம்பிவிடுகிறோம். அந்தக் கார் பெரும்பாலும் இரண்டாவது கை, மூன்றாவது கை மாறி வந்தது. முதல் ஓனர் கேஸ் கிட் போட்டிருப்பார். அடுத்தவர் பாட்டுக்குப் பெரிய ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பார். நாம் வாங்கியதும் கண்ணைப் பறிக்கிற ஹெட்லைட்டும் அலாரமும் சேர்க்கிறோம். யார் எந்த வயரை வெட்டி எங்கே ஒட்டினார்கள் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. என் கருத்தில், நடுரோட்டில் நிற்கிற கார்களில் பாதிக்கு மேல் இந்தக் காகிதம் இல்லாத குறையால்தான் நிற்கின்றன.

நான் இருப்பது வடமாலபேட்டை. ரேணிகுண்டாவுக்கும் புத்தூருக்கும் நடுவே, திருப்பதியிலிருந்து சென்னை போகிற சாலையில் உள்ள ஊர். பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு ஓரங்கட்டிய கார்களுக்கு இங்கே பஞ்சமில்லை. ரயில்வேயில் டீசல் இன்ஜின் பக்கம் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த பழக்கத்தால், போய் என்ன ஏது என்று விசாரிப்பேன். பத்தில் ஏழு பேர் சொல்லும் பதில் ஒன்றே: "பம்பு போயிடுச்சாம் சார்!"

அந்தப் பம்பைப் பற்றி முதலில் இரண்டு வார்த்தை. பழைய அம்பாசடரிலும் முதல் காலத்து மாருதி 800இலும் பெட்ரோல் பம்பு இன்ஜினோடு சேர்ந்திருக்கும். இன்ஜின் சுற்றினால் அதுவும் இயங்கும், கரண்ட் வேண்டாம். 2000ஆம் ஆண்டை ஒட்டி இன்ஜெக்ஷன் கார்கள் பரவியபோது பம்பு பெட்ரோல் டேங்குக்குள் போய் உட்கார்ந்தது. அது ஒரு சின்ன மின்மோட்டார். ஏறக்குறைய ஐந்து ஆம்பியர் எடுத்துக்கொண்டு பெட்ரோலை மூன்று பார் அழுத்தத்தில் முன்னே தள்ளுகிறது. அதைச் சுற்றியிருக்கும் பெட்ரோல்தான் அதற்குக் குளிர்ச்சி, எண்ணெய் எல்லாம். ஆகவே அது நன்றாக இருக்க இரண்டு வேண்டும்: டேங்கில் போதிய பெட்ரோல், வயரில் முழு வோல்டேஜ். மாற்றம் செய்த காரில் இந்த இரண்டிலும்தான் கை வைக்கிறார்கள்.

கேஸை எடுத்துக்கொள்வோம். கேஸில் ஓடுகிறதே என்று பெட்ரோலை ரிசர்வில் விட்டுவிடுகிறோம். கிட் பொருத்தியவர் கேஸில் ஓடும்போது பம்பை நிறுத்த ரிலே வைக்காமல் விட்டிருந்தால், பம்பு அந்தக் கொஞ்சம் பெட்ரோலிலேயே சுற்றிச் சுற்றிச் சூடாகிச் சாகிறது. டேங்கில் கால் பாகத்துக்குக் குறையாமல் பெட்ரோல் வைத்திருந்தால் பம்பின் ஆயுள் கூடும். கேஸில் மிச்சம் பிடிக்கிற காசைப் பம்புக்குக் கொடுப்பதில் லாபம் என்ன?

அடுத்தது வயரிங். எங்கள் தெருவில் ஒரு தம்பியின் கார், கேஸில் ஒழுங்காக ஓடும். கேஸ் தீர்ந்து பெட்ரோலுக்கு மாற்றினால் பத்து கிலோமீட்டரில் இருமி இருமி நின்றுவிடும். ஆறு மாதத்தில் இரண்டு புதுப் பம்பு மாற்றியாகிவிட்டது. மூன்றாவதுக்கும் விலை கேட்டு வந்திருந்தார்.

"மாத்தறதுக்கு முன்னாடி மீட்டர் வச்சுப் பார்த்தாங்களா தம்பி?"

"டெஸ்ட் லாம்ப் வச்சாங்க மாமா. எரிஞ்சுது. கரண்ட் வருது, பம்புதான் போச்சுன்னாங்க."

இங்கேதான் தப்பு நடக்கிறது. சின்ன பல்பு எரியச் சொற்பக் கரண்ட் போதும். பத்து இழையில் ஒன்பது அறுந்து ஒரே இழையில் தொங்குகிற வயரிலும் அது எரியும். ஐந்து ஆம்பியர் கேட்கிற பம்பு அதில் ஓடாது. பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் பிளக்கில் வோல்டேஜைப் பார்க்க வேண்டும். பார்த்தோம். பாட்டரியில் 14.0 வோல்ட், பம்பில் 10.2. நடுவே 3.8 வோல்ட் எங்கோ கரைகிறது. பாட்டரி பாசிட்டிவிலிருந்து பம்பு பாசிட்டிவ் வரை மீட்டர் வைத்தால் 0.4, அது பரவாயில்லை. நெகட்டிவிலிருந்து நெகட்டிவுக்கு வைத்தால் 3.4! திருடன் எர்த்தில் இருந்தான். பின் சீட்டுக்கு அடியில் ஆம்ப்ளிஃபயரின் எர்த்தையும் பம்பின் எர்த்தையும் ஒரே ஸ்குரூவில், பெயின்டின் மேலேயே முறுக்கி வைத்திருந்தார்கள். பெயின்டைச் சுரண்டி, பம்புக்குத் தனி எர்த் கொடுத்து, முனையை நன்றாக அழுத்திப் பொருத்தியதும் வண்டி ஓடியது. செலவு ஒரு சாப்பாட்டுக் காசுகூட இல்லை.

பக்கத்திலுள்ள புத்தூர், எலும்புக் கட்டுக்குப் பேர் போன ஊர். கட்டுப் போடுகிறவர் முதலில் கையால் தடவி, எங்கே முறிவு என்று பார்ப்பார். வலிக்கிறது என்றவுடனே காலை மாற்றச் சொல்வதில்லை. கார் விஷயத்தில் மட்டும் நமக்கு ஏன் இந்த அவசரம்?

அவசரத்தில் செய்கிற இன்னொரு காரியம் பணத்தோடு போவதில்லை. "டைரக்ட் கொடுத்துடறேன் சார், ஊர் போய்ச் சேருங்க" என்று ரிலேயைத் தாண்டிப் பாட்டரியிலிருந்து நேராகப் பம்புக்கு வயர் இழுத்துவிடுவார்கள். சாவி போட்டதும் பம்பு இரண்டு மூன்று விநாடி ஓடி நிற்கும். பிறகு இன்ஜின் சுற்றினால்தான் ஓடும். இது காரணத்தோடு செய்த ஏற்பாடு. விபத்தில் இன்ஜின் நின்றுபோனால் பம்பும் நிற்க வேண்டும். டைரக்ட் கொடுத்த காரில் அது நிற்காது. உடைந்த குழாய் வழியே பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். பின் சீட்டில் நம் பேரக் குழந்தைகள் இருக்கிறார்கள். பியூஸ் போனால் சிகரெட் பெட்டியின் வெள்ளிக் காகிதத்தைச் சுற்றுவதும் இதே ரகம். பதினைந்து ஆம்பியர் பியூஸ் இருந்த இடத்தில் முப்பது போட்டால், பியூஸுக்குப் பதிலாக வயர் எரியும்.

ரயில்வேயில் ஒரு இன்ஜினில் நாமாக ஒரு வயரை மாற்றிவிட முடியாது. ஒவ்வொரு வயருக்கும் நம்பர் உண்டு. மாற்றம் வேண்டுமானால் லக்னோவிலுள்ள ஆராய்ச்சி நிறுவனமான ஆர்.டி.எஸ்.ஓ.விலிருந்து மாற்றக் குறிப்பு வர வேண்டும். எந்த இன்ஜினில் என்றைக்குச் செய்தோம் என்று ஷெட்டில் எழுதி வைக்க வேண்டும். 1964இல் காசியில் கட்டத் தொடங்கிய டபிள்யூ.டி.எம்.2 டீசல் இன்ஜினிலும் எரிபொருளைத் தள்ளுவது ஒரு மின்மோட்டார் பம்புதான். இன்ஜின் நின்றால் முதலில் பிரேக்கர், பிறகு பிரஷர் மீட்டர், கடைசியில்தான் பம்பைக் கழற்றுவது. இந்த ஒழுங்கு இருந்ததால்தான் வருஷக்கணக்காக ஊர் பேர் தெரியாத ஆட்கள் கை மாறி மாறிப் பார்த்த இன்ஜின்களும் ஓடின.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. கேஸ் கிட் போடத் தடையில்லை. ஆனால் அங்கீகாரம் பெற்ற கிட்டாக இருக்க வேண்டும், ஆர்.சி. புத்தகத்தில் ஏற வேண்டும். ஏறாத கிட்டோடு தீ விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரரிடம் என்ன சொல்லி வாதாடுவது?

"மெக்கானிக்குக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது?" என்று சிலர் கேட்பார்கள். நியாயந்தான். அவருக்கும் பத்து வண்டி காத்திருக்கிறது. மீட்டர் வைத்துப் பார்க்கிற அரை மணிக்கு நாம் கூலி கொடுப்பதில்லை, பொருள் மாற்றினால்தான் கொடுக்கிறோம். கண்டுபிடிக்கிற வேலைக்கும் கூலி கொடுக்க நாம் பழக வேண்டும். ஒரு பம்பின் விலையோடு பார்த்தால் அது சொற்பம்.

ஆகவே நம் சங்கக் குடும்பங்களுக்கு என் வேண்டுகோள் மூன்று. பழைய கார் வாங்கும்போது என்னென்ன சேர்த்தார்கள், எந்தப் பியூஸிலிருந்து எடுத்தார்கள் என்று எழுதி வாங்குங்கள். தெரியாவிட்டால் ஒரு நல்ல எலக்ட்ரீஷியனை வைத்து ஒரு நாள் முழுக்கப் பார்த்து நீங்களே எழுதி ஆர்.சி.யோடு வையுங்கள். பம்பை மாற்றச் சொன்னால், ஓடும்போது அதில் எத்தனை வோல்ட் என்று கேளுங்கள். நம்பர் சொல்லாதவரிடம் பணம் கொடுக்காதீர்கள். பெட்ரோல் வாடை வந்தால் மட்டும் ஆராய்ச்சி வேண்டாம். இன்ஜினை நிறுத்தி, குழந்தைகளை இறக்கித் தள்ளிக் கூட்டிப் போய், பிறகு ஆளைக் கூப்பிடுங்கள்.

நம் பிள்ளைகள் பலர் இன்ஜினியரிங் படிக்கிறார்கள். ஆயிரம் ரூபாய்க்குள் ஒரு மீட்டர் வாங்கிக் கொடுத்து, அடுத்த லீவில் வீட்டுக் காரின் வயரிங்கை வரைந்து தரச் சொல்லுங்கள். அந்த ஒரு தாள், ராத்திரி பதினோரு மணிக்கு நகரி பக்கம் கார் நிற்கும்போது எந்தக் கடைக்காரரையும்விட உதவும்.