வோல்ற் பெரிசு, வலு எவ்வளவு?

சப்பாத்துக்குள்ள ஒரு துணியை வைச்சிட்டு நடந்தால் போன் சார்ஜ் ஆகும் எண்டு சொல்லுற வீடியோ ஒன்று எங்கட வட்சப் குறூப்புகளுக்கு அடிக்கடி வரும். நாங்களும் உடனே அடுத்த குறூப்புக்குத் தள்ளிவிடுவோம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்த ஆக்கள் நாங்கள். ஆசை வராமல் இருக்குமா?

அந்த வீடியோக்களின் அடிப்படை பொய் இல்லை. சில பளிங்குகளை அழுத்தினால் மின்னேற்றம் வரும் என்பதை 1880 இல் பியர் கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக் கியூரியும் கண்டுபிடித்தார்கள். பீசோ மின்சாரம் என்பது இதுதான். குசினியில் 'டிக்' எண்டு அடிச்சுக் காஸ் அடுப்புப் பத்தவைக்கிற லைற்றருக்குள்ளேயும் இதே வேலைதான் நடக்குது. 1969 இல் ஜப்பானைச் சேர்ந்த ஹெய்ஜி கவாய், பிவிடிஎஃப் என்ற பிளாஸ்ரிக்கிலும் இந்த இயல்பு இருப்பதைக் காட்டினார். அந்தப் பிளாஸ்ரிக்கைக் கரைச்சு, உயர்ந்த வோல்ற்றில் இழுத்து, தலைமயிரை விட நூறு மடங்கு மெல்லிய இழைகளாக்கினால் வீடியோவில் வாற துணி தயார்.

பிரச்சினை எங்கே எண்டால், வீடியோக்காரர் வோல்ற்றை மட்டும்தான் சொல்லுவினம். இம்பீடன்ஸ், அதாவது மின்னோட்டத்துக்கு அந்தத் துணி தானே போடுற தடங்கல், எவ்வளவு எண்டு சொல்ல மாட்டினம்.

ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம். துணியின் கொள்ளளவம் 1 நானோபரட், எங்கட நடை செக்கனுக்கு ஒரு அடி எண்டு வைப்போம். தடங்கல் கிட்டத்தட்ட 16 கோடி ஓம் வருது. உச்சத்தில் 10 வோல்ற் காட்டினாலும், சரியாகப் பொருந்துற தடை ஒன்றைப் பூட்டி எடுக்கக்கூடிய வலு 0.16 மைக்ரோவாற்தான். போன் சார்ஜருக்கு 5 வாற் வேணும். அதாவது மூன்று கோடி மடங்கு. அளக்கப் போனாலும் இதே கரைச்சல்தான். 1 கோடி ஓம் உள்ளீட்டுத் தடை உள்ள சாதாரண மல்ரிமீற்றரைப் பிடிச்சால், அந்த 10 வோல்ற் 1 வோல்ற்றுக்கும் கீழே விழுந்துவிடும்.

அப்ப இந்த ஆராய்ச்சி வீணா? இல்லை. போனுக்குக் காணாத அந்தச் சின்ன மின்னேற்றம், நாடித்துடிப்பையும் மூச்சையும் உணர்றதுக்குத் தாராளமாகக் காணும். அதுக்கும் பொருத்தமான பெருக்கியைத் தெரிய, முதலில் தடங்கலை அளக்கவேணும். அதை வேறு வேறு மீடிறன்களில் அளந்து வைச்சால், பிறகு இழை அறுந்தாலோ மின்வாய் கழன்றாலோ அந்த எண் மாறிக் காட்டிக்கொடுக்கும். எங்கட பார்வையில் இந்தத் துணியின் எதிர்காலம் மின்சாரம் தாறதில் இல்லை, உணர்றதில்தான் இருக்கு.

"நீங்கள் ஆர்ட்ஸ் பிள்ளையள், உங்களுக்கு இது எதுக்கு?" எண்டு கேட்பினம். ஒரு கதையை ஆர் சொல்லுகினம், எதை விட்டுட்டுச் சொல்லுகினம் எண்டு பார்க்கத்தானே நாங்கள் படிக்கிறம்? அடுத்த வீடியோ வந்தால் தள்ளிவிட முதல் ரெண்டு கேள்வி கேட்போம். எந்தத் தடையைப் பூட்டி அளந்தவை? எத்தனை வாற் வந்தது?

பதில் இருந்தால் பகிர்வோம்.