ஐந்து டொலர் ரில்லியம் வேண்டாம்!

ஒன்ராறியோவில் இருப்பவர்களுக்கு ரில்லியத்தை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மூன்று இலை, மூன்று பச்சைப் புல்லி, மூன்று வெள்ளை இதழ். 1937இல் இருந்து இந்த மாகாணத்தின் மலர் இதுதான். மாகாண அரசின் சின்னத்திலும் இதுதான் இருக்கிறது. வெளியூர் நண்பர்களுக்காக ஒரு வரி: ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் மேப்பிள் காடுகளின் தரை முழுக்க வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும் செடி இது. பூ வயதாக ஆக இளஞ்சிவப்பாக மாறும்.

இதை வீட்டு வளவில், மர நிழலில் வளர்க்க வேண்டும் என்று பலருக்கும் ஆசை. நல்ல ஆசைதான். நிழல் விழும் இடத்தில் புல் ஒழுங்காக வளராது. வருடா வருடம் புல் விதையும் உரமும் போட்டுக் காசைக் கரைப்பதைவிட, நிழலுக்குப் பழகிய இந்த மண்ணின் செடியை வைப்பது எவ்வளவோ மேல். என்னுடைய சண்டை எல்லாம், அந்தச் செடி எங்கிருந்து வருகிறது என்பதில்தான்.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். ரில்லியம் விதை, விழுந்த அடுத்த வசந்தத்திலேயே வெளியே தலை காட்டாது. முதல் குளிர்காலம் முடிந்ததும் மண்ணுக்குள் வேர் மட்டும் விடும். இரண்டாவது குளிர்காலமும் கழிந்த பிறகுதான் ஒரேயொரு சின்ன இலை மேலே வரும். அடுத்த சில வருடங்களுக்கு அதே ஒற்றை இலைதான். அதன் பிறகு மூன்று இலை. பூப்பதற்கு ஏழு வருடம், சில வேளை பத்து வருடம்கூட ஆகும்.

இப்போது நீங்களே சொல்லுங்கள். ஏழு வருடம் தண்ணீர் ஊற்றி, களை பிடுங்கி, ஆட்களுக்குச் சம்பளமும் கொடுத்து வளர்த்த செடியை எந்த வியாபாரி ஐந்து டொலருக்கு விற்பார்? பூத்து நிற்கும் ரில்லியம் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கிறதென்றால், அதைக் காட்டிலே யாரோ தோண்டியிருக்கிறார்கள் என்றுதான் சந்தேகப்பட வேண்டும். "பண்ணையில் வளர்ந்தது" என்ற அட்டையைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். காட்டில் தோண்டியதை ஒரு பருவம் தொட்டியில் வைத்திருந்தாலும் அப்படி எழுதலாம். "விதையிலிருந்தோ கிழங்கைப் பிரித்தோ நீங்களே உருவாக்கியதா?" என்று கேளுங்கள். நேர்மையான கடைக்காரருக்கு அந்தக் கேள்வி பிடிக்கும். மற்றவர் மழுப்புவார்.

"ஒரு செடிதானே, காட்டில் ஆயிரம் இருக்கிறதே!" என்பவர்களுக்கு ஒரு விஷயம். ரில்லியம் விதையின் முனையில் கொழுப்புச் சத்துள்ள சின்னப் பகுதி ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் எறும்புகள் விதையை இழுத்துக்கொண்டு போகின்றன. எறும்பு எவ்வளவு தூரம் போகும்? சில மீட்டர். மான் சில வேளை பழத்தைத் தின்று தூரத்தில் கொண்டுபோய் விடும், ஆனால் அதே மான்தான் செடியையும் மேய்ந்து தீர்க்கிறது. ஆகவே ஒரு காட்டுத் துண்டில் ரில்லியம் அழிந்தால் அந்த இடம் சட்டென்று நிரம்பாது.

இதைப் பறித்தாலே ஒன்ராறியோவில் குற்றம் என்று பலர் நம்புகிறார்கள். பூங்காக்களிலும் பாதுகாக்கப்பட்ட பகுதிகளிலும் குற்றம்தான். ஆனால் சாதாரண வெள்ளை ரில்லியத்தை மாகாணத்தில் எங்குமே பறிக்கக்கூடாது என்று ஒரு பொதுச் சட்டம் கிடையாது. அதனால் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று நாம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது. வாங்குகிறவர்கள் நிறுத்தினால்தான் தோண்டுகிறவர்கள் நிறுத்துவார்கள்.

சரி, எப்படித்தான் வளர்ப்பது?

முதலில் நிழல். கட்டட நிழலும் மர நிழலும் ஒன்றல்ல. மரங்கள் இலை விடுவதற்கு முன் கிடைக்கும் வசந்த கால வெயிலில்தான் ரில்லியம் வேலையைத் தொடங்குகிறது. ஆகவே இலையுதிர் மரத்தின் கீழ் வையுங்கள். ஆனால் ரொறன்ரோ தெருக்களில் நிறைய நிற்கும் நோர்வே மேப்பிளின் கீழ் சிரமம். அதன் நிழலும் அடர்த்தி, மேலாகப் பரவும் வேர்கள் ஈரத்தையும் உறிஞ்சிவிடும்.

அடுத்தது, இலையைக் கூட்டி அள்ளாதீர்கள். விழுந்த இலைதான் இதற்குப் போர்வை, உரம் எல்லாம். மண்புழுவைக் கொண்டுவந்து விடவும் வேண்டாம். விவசாயியின் நண்பன் என்று நாம் படித்த மண்புழு, பனிப்பாறைகள் மூடியிருந்த இந்தப் பகுதிக் காடுகளுக்கு வெளியிலிருந்து வந்த உயிர். இலைப் போர்வையைத் தின்று தீர்த்து காட்டுப் பூக்களைத்தான் அது வாட்டுகிறது.

விதை கிடைத்தால் காயவிடாமல் உடனே விதையுங்கள். வளவில் செடி வைத்திருக்கும் நண்பரிடம் கேட்டால், கோடையில் பழுக்கும்போது தருவார். பூத்தால் பறிக்காதீர்கள். இலைகள் பூவுக்குச் சற்றுக் கீழேதான் இருக்கின்றன. தண்டோடு பறித்தால் அவையும் போய்விடும், செடி அந்த வருடம் பட்டினி. கோடையில் இலைகள் மஞ்சளாகி மடிந்தால் செத்துவிட்டது என்று கிண்டிப் பார்க்கவும் வேண்டாம். கிழங்கு கீழே தூங்குகிறது.

ஏழு வருடம் யார் காத்திருப்பது என்று கேட்பீர்கள். உண்மைதான், வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இது ஒத்துவராது. அவர்கள் மே மாதத்தில் காட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம், அதற்குக் காசும் இல்லை. சொந்த வளவு இருப்பவர்கள் நியாயமாக உருவாக்கிய கன்றுக்கு நியாயமான விலை கொடுங்கள், இல்லாவிட்டால் இந்தக் கோடையிலேயே விதையுங்கள். தென்னை வைத்துவிட்டுக் காய்க்கும்வரை காத்திருந்தவர்களின் பிள்ளைகள்தானே நாம்? ஒரு பூவுக்குக் காத்திருக்க முடியாதா என்ன!