வார்ப்புருவைப் படித்துவிட்டு எடுங்கள்

ஸ்கூடாயில் கணினியியல் படிக்கும் எங்களுக்கு இப்பருவத்தில் ஒரு குழுப்பணி: மாணவர்களுக்கான செயலி. அதன் பின்னால் கால அட்டவணை, நூலகம், வானிலை என மூன்று சேவைகள். வானிலைத் தகவல் அரசின் டேட்டா.ஜிஓவி.எம்ஒய் தளத்திலிருந்து வருகிறது. மூன்றுக்கும் முன்னால் ஓர் ஏபிஐ நுழைவாயில். தாமான் வாசலில் உள்ள காவல் சாவடி மாதிரிதான்: வருவது யார், எந்த வீட்டுக்கு, எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று பார்க்கும்.

கிராக்கன்டி போன்ற நுழைவாயில்களில் இந்த விதிகளை ஜேசன் கோப்பில் எழுதுகிறோம். சேவைக்குச் சேவை எழுதாமல், மாறும் இடங்களைக் காலியாக விட்டு ஒரு வார்ப்புரு செய்துகொண்டால் வேலை மிச்சம்.

ஆபத்தும் அங்கேதான். இணையத்தில் கிடைத்த வார்ப்புருவை நாங்கள் படிக்காமலே எடுத்தோம். காத்திருப்பு நேரம் ஒரு விநாடி என்று அதில் நிலையாகப் பதிந்திருந்தது. எங்கள் நூலகச் சேவையோ மெதுவானது. பதில் வருமுன்பே நுழைவாயில் கதவைச் சாத்தியது. இரண்டு நாள் நூலகச் சேவையின் நிரலைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம்! ஜேசனை வகுத்த டக்ளஸ் கிராக்ஃபோர்ட் அதில் குறிப்புரைக்கு இடம் வைக்கவில்லை. ஏன் ஒரு விநாடி என்று கோப்பு சொல்லாது. காற்புள்ளி ஒன்று மிஞ்சினால் பிழை காட்டும். பொருந்தாத எண்ணைக் காட்டாது.

இதைவிடப் பெரிய தவறு, இரகசியச் சாவியை வார்ப்புருவிலேயே எழுதி கிட்ஹப்பில் பொதுவில் ஏற்றுவது. பிறகு அழித்தாலும் பழைய பதிப்பில் கிடக்கும். அந்தச் சாவியை உடனே மாற்றுங்கள்; புதியதைக் கோப்புக்கு வெளியே, சூழல் மாறியில் வையுங்கள். விரிவுரையாளர்களும் செயலி ஓடுகிறதா என்று மட்டும் பாராமல், இந்தக் கோப்பின் வரிகளுக்குக் காரணம் கேட்டு மதிப்பெண் தரவேண்டும்.