இஸ்கூலும் இலக்கணமும்

பெங்களூரில் வாழும் நம்மவர் இல்லங்களில் இக்காலத்தே ஒரு சிரிப்பு அடிக்கடி கேட்கிறது. பாட்டியார் ‘இஸ்கூல்’ என்பார். பேரன் ‘ஸ்கூல்’ என்று திருத்திவிட்டு நகைப்பான். பெற்றோரும் உடன் நகைப்பர். நாளடைவில் அம்மூதாட்டி பேரக் குழந்தைகளின் முன் வாய் திறக்கவே தயங்குவார். ஊர்விட்டு ஊர் வந்த குடும்பத்தில் தமிழை வாய்மொழியாக வழங்க வல்லவர் பெரும்பாலும் அவரே. அவர் மௌனமானால் இழப்பு யாருக்கு? ஆதலின் அந்த இகரம் குற்றந்தானா என்று இம்முறை ஆராய்வோம்.

தமிழ்ச் சொல் இரு மெய்கள் கூடித் தொடங்குவதில்லை. ரகர லகரங்களும் மொழிக்கு முதலாவதில்லை. அத்தகைய பிறமொழிச் சொல் வந்தால் நம் நா ஓர் உயிரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளும். வடசொற்களுக்கு இதனை விதியாகவே வகுத்துள்ளது நன்னூல். ரகரத்தின் முன் அ, இ, உ என்னும் மூன்றும், லகரத்தின் முன் இ, உ என்னும் இரண்டும், யகரத்தின் முன் இகரமும் வரும் என்பர் பவணந்தியார். அவ்வழியே ரங்கம் அரங்கமாயிற்று. ராமன் இராமனாகவும், ரோமம் உரோமமாகவும், லாபம் இலாபமாகவும், யந்திரம் இயந்திரமாகவும் ஆயின. சொல்லின் நடுவே மெய்கள் நெருங்கினும் உயிர் புகும். வாக்யம் வாக்கியமாவதும் பத்மம் பதுமமாவதும் காண்க. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நூலைச் செய்வித்த சீயகங்கன் கங்கர் மரபினன். அம்மரபின் பழைய தலைநகர் நமக்கு அண்மையிலுள்ள கோலாரே என்பது நாம் மகிழத்தக்க செய்தி.

‘இஸ்கூல்’ என்றால் நகைப்பவர் ‘கிளாஸ்’ என்றால் நகைப்பதில்லை. ஆங்கிலத்தில் அச்சொல்லின் ககரத்துக்கும் லகரத்துக்கும் இடையே உயிர் ஏதுமில்லை. இகரத்தைப் புகுத்தியவர் நாமே. ‘பிலிம்’ என்பதன் இரண்டாம் இகரமும் அத்தகையதே. பழகிவிட்டது நாகரிகமாகவும், பழகாதது பாமரமாகவும் தோன்றுகின்றது, வேறுபாடு அவ்வளவே.

மேலைநாட்டாரும் இதற்கு விலக்கல்லர். பள்ளியைக் குறிக்கும் ‘ஸ்கோலா’ என்னும் இலத்தீன் சொல்லை ஸ்பானியர் ‘எஸ்குவேலா’ ஆக்கினர். ‘ஸ்டாட்டுஸ்’ என்னும் இலத்தீன் சொல் பழைய பிரெஞ்சு மொழியில் முன்னே ஓர் எகரம் பெற்று, ஆங்கிலத்துக்கு வந்து ‘எஸ்டேட்’ என வழங்குகிறது. அந்த எகரத்தை ஆங்கிலேயர் எவரும் பிழை என்று களைந்தாரில்லை.

நாம் வாழும் நாட்டின் மொழியையே நோக்குவோம். பழங்கன்னடத்தில் மெய்யெழுத்தில் முடிந்த சொற்கள் பின்னர் உகரம் பெற்றன. நம் கல் அவர்க்குக் கல்லு, கண் கண்ணு, மீன் மீனு, பால் ஹாலு. நம் பேச்சுத் தமிழிலும் கல்லு, கண்ணு, பாலு என்றே கூறுகிறோம். கன்னடத்தில் அது செந்நெறி வழக்கு. தமிழில் பேச்சு வழக்கு. பள்ளியைக் கன்னட மக்கள் பேச்சில் ‘இஸ்கூலு’ என்பதும் உண்டு. முன்னே இகரம், பின்னே உகரம்! ஆங்கிலேயர் ‘பேங்களூர்’ என்று உகரத்தை விடுத்து எழுதிய இந்நகரின் பெயர், 2014 நவம்பர் 1 முதல் ஆங்கிலத்திலும் ‘பெங்களூரு’ என்றே அரசினரால் எழுதப்படுகிறது. விடுபட்ட ஓர் உயிரை ஒரு மக்கள் விரும்பி மீட்டுக்கொண்டனர்.

இதனால், பிள்ளைகள் ஆங்கிலத்தைப் பிழையின்றி உச்சரிக்க வேண்டா என்று நாம் சொல்லவில்லை. பள்ளியில் ‘ஸ்கூல்’ என்றே சொல்லட்டும். தமிழ் எழுதுகையில் இராமன் என்றும் இலாபம் என்றும் எழுதும் மரபையும் அறியட்டும். ஒரு மொழியின் ஒழுங்கை மற்றொரு மொழிக்குத் தண்டனைக் கோலாக்குதல் மட்டும் வேண்டா. முதியோர் நாவில் எழும் அச்சிறு உயிர், அவர் கல்லாமையின் அடையாளமன்று. இலக்கண நூலார் விதி வகுத்துப் போற்றிய இயல்பு அது. இதனை நம் குழந்தைகளுக்குச் சொல்லித் தருவது பெற்றோர் கடன்.