வலியை நம்ப ரத்தப் பரிசோதனை எதற்கு?

வெந்நீர்ப் பையை அடிவயிற்றோடு அணைத்தபடி, மாதந்தோறும் இரண்டு மூன்று நாள் பள்ளிக்குப் போக முடியாமல் சுருண்டு கிடக்கும் மகளுக்கு நம் வீடுகளில் கிடைக்கும் முதல் பதில், “எங்களுக்கெல்லாம் வலிக்கவில்லையா?” அடுத்தது, “கல்யாணமாகி ஒரு பிள்ளை பெற்றால் சரியாகிவிடும்.” இப்படிச் சொல்லிச் சொல்லியே கழியும் ஆண்டுகளில்தான் சிலருக்கு எண்டோமெட்ரியோசிஸ் முற்றுகிறது. கருப்பை உட்சுவரைப் போன்ற திசு சினைப்பையிலும் குடலைச் சுற்றியும் படர்ந்து, அங்கே அழற்சியையும் வடுவையும் உண்டாக்கும் நோய் இது. உலகில் சுமார் 19 கோடிப் பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

வயிற்றில் துளையிட்டுப் பார்க்காமல், ஒரு குழாய் ரத்தத்தில் மரபணுக் குறிகளைத் தேடியே நோயைக் கண்டுபிடித்துவிட முடியும் என்ற நம்பிக்கை வலுத்துவருகிறது. அந்த நாள் வர வேண்டும், இன்னும் வரவில்லை. நேச்சர் ஜெனிடிக்ஸ் இதழில் 2023இல் வெளியான பெரும் ஆய்வு, 60,674 நோயாளிகளின் தரவுகளிலிருந்து இந்நோயோடு தொடர்புள்ள 42 மரபணு இடங்களைக் காட்டியது. பெரிய சாதனைதான். ஆனால் பிறக்கும்போதே வாய்த்த மரபணு, நோய் வரக்கூடிய வாய்ப்பைத்தான் சொல்லும். இன்று வயிற்றுக்குள் நோய் இருக்கிறதா என்று சொல்லாது. நோயோடு சேர்ந்து அளவு மாறும், மரபணுக்களின் செயலைக் கட்டுப்படுத்தும் சிறு மூலக்கூறுகளான மைக்ரோ ஆர்என்ஏக்கள் அதற்குப் பொருத்தமானவை என்றாலும், அவற்றின் பட்டியல் ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. ரத்தக் குறிகளை வைத்து இந்நோயை முடிவுசெய்ய வேண்டாம் என்றே ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் சங்கத்தின் 2022 வழிகாட்டுதலும் கூறுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த 42 இடங்களும் ஐரோப்பிய, கிழக்காசிய வம்சாவளிப் பெண்களிடம் கண்டவை. நம் பெண்களின் ரத்தத்தில் சோதித்துப் பார்க்காத கருவியை நம் பெண்களிடமே விற்க எந்த ஆய்வகத்தையும் அனுமதிக்கக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) மும்பை நிறுவனம் இந்தியப் பெண்களிடம் இந்நோயின் மரபணு ஆய்வைத் தொடங்கியிருக்கிறது. அதற்கு நிதியைக் கூட்ட வேண்டும். தமிழக அரசு மருத்துவக் கல்லூரிகளையும் அதில் இணைக்க வேண்டும்.

நமக்குப் பெரிய அச்சம் வேறு. அரைகுறைப் பரிசோதனையில் “இல்லை” என்று வந்துவிட்டால், ஏற்கெனவே நம்பாத வீடு அந்தப் பெண்ணை ஒரேயடியாக நம்பாமல் போகும். சிகிச்சையைத் தொடங்க அந்த ரத்தப் பரிசோதனைச் சீட்டு தேவையும் இல்லை. அறிகுறிகளைக் கேட்டு, ஸ்கேன் பார்த்து, சந்தேகம் வலுத்தால் ஹார்மோன் மருந்தைத் தொடங்கலாம் என்று மேலே சொன்ன அதே வழிகாட்டுதல் அனுமதிக்கிறது. பள்ளிகளுக்கு வரும் மருத்துவக் குழுக்கள் வளரிளம் பெண்களிடம் “மாதவிடாயின்போது எத்தனை நாள் லீவு போட்டாய்?” என்று கேட்டு, பதிலைக் குறித்துக்கொண்டு, மகப்பேறு மருத்துவரிடம் அனுப்பிவைக்க வேண்டும். இந்தக் கல்வியாண்டிலேயே அதைச் செய்ய முடியும்.