கூத்தர்க்கு ஆற்றுப்படை எங்கே?

திருவந்திபுரத்துக் கோயிற் சுவரில் ஒரு கல்வெட்டு உண்டு. காடவன் கோப்பெருஞ்சிங்கன் சோழவேந்தன் மூன்றாம் இராசராசனைச் சிறைப்படுத்தியதையும், போசளர் படை வந்து அவனை மீட்டதையும் அது 13-ஆம் நூற்றாண்டு தொட்டு இன்றுகாறும் உரைத்து நிற்கின்றது. வேந்தன் தோற்ற தோல்வியையும் மறையாது எழுதி வைத்த மண் அது. அங்கிருந்து கெடிலம் ஒழுகும் திசையில் நடந்தால் திருப்பாதிரிப்புலியூர். அங்கும் ஒரு கல்வெட்டு. முதற் குலோத்துங்கன் காலத்ததாகிய அது 'பூம்புலியூர் நாடகம்' என்னும் நாடகத்தின் பெயரைச் சொல்கின்றது. நாடகம் இறந்துபட்டது, பெயர் கல்லில் வாழ்கின்றது.

இன்னும் சிறிது தொலைவில் மஞ்சக்குப்பம். 1934-இல் செயகாந்தன் பிறந்த இடம். அவர் தம் புதினத்தைத் தாமே இயக்கி, பெயர்பெற்ற நடிகர் எவரையும் நம்பாது எடுத்த 'உன்னைப்போல் ஒருவன்' 1965-இல் வெளிவந்தது. 1964-ஆம் ஆண்டிற்கான நடுவணரசுப் பரிசுகளில், இந்தியாவின் மூன்றாவது சிறந்த படம் என்னும் சிறப்பு அதற்குக் கிடைத்தது. தமிழில் தனிமுயற்சிப் படங்களுக்குக் கால்கோள் செய்தவற்றுள் அது தலையாயது. இன்று அதன் படச்சுருள் கிடைக்கவில்லை. கல்லில் வெட்டிய நாடகப் பெயர் தொள்ளாயிரம் ஆண்டு நின்றது. திரையில் ஓடிய படம் அறுபதாண்டும் நிற்கவில்லை!

சுருள் அழிந்தது ஒருபுறம் இருக்கட்டும். இத்தகைய படங்களில் நடித்தோர் வாழ்வு என்னாகின்றது? பெருமுதலாளியின் பணப்பை, பெருநடிகரின் முகம், பெருவிளம்பரத்தின் ஆரவாரம் ஆகிய மூன்றும் இன்றி எடுக்கப்படும் தனிமுயற்சிப் படங்களைத் தமிழறிஞரும் இதழாளரும் போற்றுகின்றனர். இயக்குநரைப் பாராட்டிக் கட்டுரை வரைகின்றனர். அயல்நாட்டு விழாக்களில் பரிசு கிடைத்தால் தமிழரெல்லாம் நெஞ்சு நிமிர்த்துகின்றனர். படத்தைத் தன் உடலாலும் குரலாலும் தாங்கியவன் அடுத்த திங்கள் எந்தக் கதவைத் தட்டுகின்றான் என்று கேட்பார் உளரோ?

பண்டைத் தமிழர் கேட்டனர். அதற்கென ஓர் இலக்கிய வகையே கண்டனர். ஆற்றுப்படை என்பது யாது? பரிசில் பெற்று மீளும் கூத்தன், வழியில் எதிர்ப்பட்ட வறிய கூத்தனை நோக்கி, இன்ன வழியே சென்றால் இன்ன வள்ளலைக் காணலாம் என்று நெறிப்படுத்துவது. மலைபடுகடாம் என்னும் கூத்தராற்றுப்படை, செங்கண்மாத்து நன்னனிடம் கூத்தரை வழிப்படுத்தும் 583 அடிகளைக் கொண்டது. அக்காலக் கூத்தன் செல்வனாய் இருந்தான் என்று எவரும் மயங்கவேண்டா. அவனும் பசித்தவனே, சுற்றத்தோடு வெயிலில் நடந்தவனே. ஆயினும் அவனுக்கு வழிசொல்ல ஒருவன் இருந்தான். போய்ச்சேர ஓரிடம் இருந்தது. இன்றைய நடிகனுக்கு இல்லாதவை அவ்விரண்டுமே.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை எண்ணுக. மாதவி ஏழாண்டு பயின்றாள். ஆடலாசானும் இசையாசானும் அமைந்தனர். அரங்கு நூல்வழி அளந்து அமைக்கப்பட்டது. ஆடி முடித்தபின் தலைக்கோல் பட்டத்தோடு ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன் தரப்பட்டது. பின்னாளில் தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசேச்சுவர நாடகம் ஆண்டுதோறும் ஆடப்பட, சாந்திக்கூத்தன் திருவாலன் திருமுதுகுன்றன் என்பானுக்கு ஆண்டுக்கு 120 கலம் நெல் தர இரண்டாம் இராசேந்திரன் ஆணையிட்டதைக் கல்வெட்டுக் கூறுகின்றது. திருமுதுகுன்றம் என்பது இன்றைய விருத்தாசலம்; கடலூர் மாவட்டத்து ஊர். அவ்வூர்ப் பெயர் தாங்கிய கூத்தன் ஒருவனுக்குத் தஞ்சையில் ஆண்டுதோறும் நெல் அளக்கப்பட்டது. பட்டம் ஒரு கையிலும் நெல் ஒரு கையிலுமாகத் தந்த மரபு அது. இன்றோ பட்டம் மட்டும் தரப்படுகின்றது. நெல்லைப் பற்றிய பேச்சே இல்லை.

சான்றுகள் பலவுள. பழைய நாடக மேடைகளில் பாடி நடித்து முதிர்ந்த சொக்கலிங்க பாகவதர், தம் முதுமையில் பாலு மகேந்திராவின் 'வீடு' படத்தில் பாட்டனாராக வந்தார். 1988-இல் வெளிவந்த அப்படத்தைக் கண்டவர் அம்முதியவரின் நடையை மறவார். ஒரு வாழ்நாள் முழுதும் மேடையில் உழைத்தவனுக்கு, திரை தன் கதவைத் திறந்தது அந்திப் பொழுதில்!

அதே படத்தில் நடித்த அருச்சனா, 1987-ஆம் ஆண்டிற்கான இந்தியாவின் சிறந்த நடிகை விருதைப் பெற்றார். மறு ஆண்டே தெலுங்கில் 'தாசி' படத்திற்காக அவ்விருதை மீண்டும் பெற்றார். அடுத்தடுத்து ஈராண்டு நாட்டின் தலைசிறந்த நடிகை எனப்பட்டவருக்குத் தமிழ்த்திரை அதன்பின் தந்த வேலை எவ்வளவு? விரல்விட்டு எண்ணலாம். நெடிய இடைவெளிக்குப் பின் 2007-இல், பண்ணுருட்டிப் பக்கத்துப் பத்திரக்கோட்டையில் பிறந்த தங்கர் பச்சான் தம் புதினமாகிய 'ஒன்பது ரூபாய் நோட்டு' என்பதைப் படமாக்கியபோது, அதன் உழவர் குடும்பத் தலைவியாக அவர் வந்தார். முந்திரிக்காட்டு மண் அவரை நினைவில் வைத்திருந்தது; கோடம்பாக்கம் மறந்துவிட்டது.

உசிலம்பட்டிப் பக்கத்து உழவர் பெரியவர் நல்லாண்டி 'கடைசி விவசாயி' படத்தில் நடித்தார். படம் 2022-இல் வெளிவருமுன்னரே இறந்துபோனார். 2023-இல் அறிவிக்கப்பட்ட நடுவணரசு விருதுகளில் அவருக்குச் சிறப்புக் குறிப்பு வழங்கப்பட்டது. மேலூர்ப் பக்கத்து வெயிலில் எடுக்கப்பட்ட 'கூழாங்கல்', 2021-இல் நெதர்லாந்து நாட்டு உரோட்டர்டாம் விழாவின் முதற்பரிசாகிய புலி விருதை வென்றது. தமிழ்மக்கள் அதனைக் காண 2023 அத்தோபர்வரை காத்திருந்தனர், அதுவும் இணையத்தில். படம் காத்திருக்கலாம், நடிகனின் அடுப்பு காத்திருக்குமோ?

குரு சோமசுந்தரம் என்னும் நடிகரை எண்ணுக. நா. முத்துசாமி 1977-இல் தோற்றுவித்த கூத்துப்பட்டறையில் பயின்றவர் அவர். புரிசைக் கண்ணப்பத் தம்பிரானின் தெருக்கூத்து மரபை நாடி உரம்பெற்ற பட்டறை அது. 2011-இல் 'ஆரண்ய காண்டம்' படத்தில் நடித்தார். 2016-இல் 'சோக்கர்' படத்தைத் தம் தோள்மேல் தாங்கினார். அது சிறந்த தமிழ்ப் படத்திற்கான நடுவணரசு விருதையும் பெற்றது. ஆயினும் நாடெங்கும் அவர் பெயர் பரவியது எப்போது? 2021 இறுதியில் 'மின்னல் முரளி' என்னும் மலையாளப் படம் வெளிவந்த பின்னர். தமிழ்க்கூத்தன் அருமையைத் தமிழர்க்கு மலையாளி எடுத்துக்காட்ட வேண்டியதாயிற்று. இதில் மலையாளிக்குப் பெருமை, தமிழர்க்கோ நாணம்.

"அதே கூத்துப்பட்டறையில் கணக்கராய் இருந்த விசய் சேதுபதி 2010-இல் 'தென்மேற்குப் பருவக்காற்று' வழியே தலைமை நடிகராகிப் பின்னர் உச்சிக்குச் செல்லவில்லையா? திறமுடையோன் உயர்வான், இல்லான் தாழ்வான்" என்பர் சிலர். ஒருவன் நீந்திக் கரையேறியதைக் காட்டி, ஆற்றில் ஆழமே இல்லை என்று சொல்வது எத்தகைய அறிவு? அவர் ஏறினார், நன்று. ஏறாதோர் அனைவரும் திறமிலார் என்று நாட்டியவர் யார்? உழவனுக்கு விளைச்சல் பொய்த்தால் காப்பீடு உண்டு. தொழிலாளிக்கு வைப்புநிதி உண்டு. நடிகனுக்கு மட்டும் ஊழ் ஒன்றே துணையோ?

பெரிய திரை கைவிட்டால் சின்னத்திரை காக்கும் என்று நம்பிய காலம் ஒன்று இருந்தது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகத்து 15-இல் தொடங்கியது. அரசுத் தொலைக்காட்சிக்காகவே 1989-இல் பாலு மகேந்திரா 'சந்தியா ராகம்' எடுத்தார். சொக்கலிங்க பாகவதர் அதில் தலைமை மாந்தர். கொட்டகை முதலாளி தரத் துணியாத இடத்தை அம்முதியவர்க்குத் தந்தது மக்கள் வரிப்பணத்தில் இயங்கிய தொலைக்காட்சி. பின்னர்த் தனியார் தொலைக்காட்சியிலும் அவர் 'கதை நேரம்' என்னும் பெயரில் தமிழ்ச் சிறுகதைகளைக் குறும்படங்களாக்கினார். கதை தமிழ்க்கதை, மாந்தர் தமிழ் மாந்தர், நடிகர்க்கு முகத்தில் அரிதாரப் பூச்சினும் உணர்ச்சி மிகுதி. அவ்வழி தொடர்ந்திருந்தால் நூற்றுக்கணக்கான நடிகர்க்கு அதுவே ஆற்றுப்படையாகியிருக்கும்.

தொடரவில்லை. நாள்தோறும் ஓடும் நெடுந்தொடர்கள் வந்தன. வேற்றுமொழித் தொடர்கள் பெயரும் புடைவையும் மாறித் தமிழாகின்றன. தமிழ் பேசத் தெரியாதவர் முகம் காட்டுகின்றார். முகம் காட்டாதவர் பின்னிருந்து பேசுகின்றார். வயிற்றுப்பாட்டுக்கு வரும் அயன்மொழிப் பெண்களை நோவது முறையன்று. அவர்களும் நாட்கூலிக்கு உழைப்பவர்களே. வினா வாணிகர்க்கே உரியது. தமிழறிந்த நடிகைக்கு முகம் சரியில்லை என்கின்றீர். குரல் தரும் தமிழ்ப்பெண்ணுக்குப் பெயர் போட மறுக்கின்றீர். ஒருத்தியின் முகத்தையும் ஒருத்தியின் நாவையும் வெட்டி ஒட்டினால் அதற்கு நடிப்பு என்றா பெயர்? தொல்காப்பியர் மெய்ப்பாட்டை எண்வகையாக வகுத்தார். உடலும் உள்ளமும் உரையும் ஒன்றியவிடத்தே அது பிறக்கும்; ஒட்டுப்போட்ட இடத்தில் பிறவாது.

தனிமுயற்சிப் படத்து நடிகர் பேசுவது ஊர்ப்பேச்சு, இலக்கணத் தமிழன்று என்று புலவர் சிலர் முகஞ்சுளிப்பர். திசைச்சொல்லுக்கும் செய்யுளில் இடந்தந்தவர் தொல்காப்பியர் என்பதை அவர்கள் மறத்தல் ஆகாது. கடலூர் உழவன் பேச்சும் மேலூர்க் கிழவன் பேச்சும் தமிழின் கிளைகள். வேரற்ற கலப்பு மொழியே நோய். தன் ஊர்ப் பேச்சைத் தன் குரலால் பேசும் நடிகன் பட்டினியால் தொழிலை விட்டு நீங்கினால், அவனோடு அவ்வூர்த் தமிழும் திரையிலிருந்து நீங்கும். ஆகலின் இது நடிகனின் வயிற்றுச் சிக்கல் மட்டும் அன்று.

பிறநாட்டார் என் செய்கின்றனர்? கடலூருக்கு அண்மையிலுள்ள புதுச்சேரியை ஆண்டு நீங்கிய பிரெஞ்சுக்காரர் தம் நாட்டில் ஒரு முறை வைத்துள்ளனர். ஓராண்டில் 507 மணிநேரம் பணிசெய்த நாடக, திரைக் கலைஞர்க்கு, வேலையில்லா நாள்களுக்கும் காப்பீட்டிலிருந்து ஊதியம் கிடைக்கும். நடிப்புத் தொழிலில் இடைவெளி இயல்பு. அது குற்றமன்று என்னும் அறிவு அம்முறையின் அடிப்படை. அண்டையில் கேரள அரசு 2024 மார்ச்சுத் திங்களில், தானே நடத்தும் இணையவழிப் படத்தளம் ஒன்றைத் தொடங்கியது. தமிழ்நாட்டு அரசோ 2009 முதல் 2014 வரையிலான படங்களுக்குரிய விருதுகளை 2017-இல் அறிவித்து, 2022 செப்தம்பரில் வழங்கியது. பரிசு பெறுவோனின் தலை நரைத்தபின் மாலை சூட்டுவது மரபாகிவிட்டது!

செய்யவேண்டுவன அரியவல்ல. ஒன்று: சிறுமுதலீட்டில் எடுக்கப்படும் நற்படங்களுக்கு அரசு தரும் உதவித்தொகையில் ஒரு பங்கு, நடிகர்க்கு நேரே சென்றடைய வேண்டும், எழுத்து வடிவ ஒப்பந்தமின்றி உதவித்தொகை தரலாகாது. இரண்டு: திரைப்படத்துறையினர் நலவாரியமும் நாட்டுப்புறக் கலைஞர் நலவாரியமும், ஒரே படத்தில் நடித்த உழவனையும் சிறுவனையும் தேடிச்சென்று சேர்த்துக்கொள்ள வேண்டும். மூன்று: தொலைக்காட்சித் தொடர்களில் நடிப்போர் தம் குரலிலேயே பேசுக, இரவற்குரல் வந்தவிடத்துக் குரல் தந்தார் பெயர் திரையில் வருக. நான்கு: அவ்வாண்டு விருது அவ்வாண்டே தரப்படுக, பட்டயத்தோடு அடுத்த ஆண்டிற்கான வாழ்வூதியமும் தரப்படுக. ஐந்து: சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலமாய் இசை கற்பிக்கப்படுகின்றது, அதனோடு, தெருக்கூத்து ஆசிரியரைக் கொண்டு நடிப்பும் கற்பிக்கப்படுக. ஆடும் இறைவனைக் கோயில்கொள்ள வைத்துக் கும்பிடும் தில்லைப் பகுதி மக்கள், ஆடும் மாந்தனைப் பட்டினி போடுவது என்ன அறம்?

இவையெல்லாம் அரசின் கடமை. மக்கள் கடமையும் ஒன்றுண்டு. நற்படம் கொட்டகைக்கு வந்த வாரத்தில் சென்று காண்பார் சிலர். அது போனபின் "அடடா, பார்க்கத் தவறினோமே" என்பார் பலர். அப்பலருடைய இரக்கத்தால் எந்த நடிகன் வீட்டிலும் உலை கொதிப்பதில்லை. ஊர்தோறும் படக்கழகம் அமையட்டும். பள்ளி மன்றங்களில் திங்களுக்கொரு நற்படம் காட்டப்படட்டும். கட்டணம் கொடுத்துக் காண்க. நடித்தவரின் பெயரைக் கேட்டறிந்து சொல்லுக. அவரை ஊருக்கு அழைத்து வழிச்செலவும் மதிப்பூதியமும் தந்து விடுக.

கெடிலக்கரைச் சிற்றூர்களில் திரௌபதையம்மன் விழாவின்போது விடிய விடியத் தெருக்கூத்து நடக்கும். விடியலில் வேடம் கலைக்குமுன் கூத்தர்க்குப் பணமும் துணியும் தந்து, வயிறார உண்பித்து வழியனுப்புதல் ஊர்வழக்கு. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டனும் பாட்டியும் காத்த அறம் அது. கூத்தன் வெறுங்கையோடு ஊரெல்லையைக் கடந்தால் அவ்வூருக்கே இழுக்கு என்று அவர்கள் அறிந்திருந்தனர். அவர்தம் பேரப்பிள்ளைகள் பட்டம் பெற்றுள்ளனர். வீட்டுக்கொரு திரை வைத்துள்ளனர். கைக்கொரு திரையும் வைத்துள்ளனர். அத்திரைகளில் வந்து அழுது, சிரித்து, ஊர்ப்பேச்சைப் பேசிச் செல்லும் கூத்தன் இன்று வெறுங்கையோடு போகின்றான்.

தமிழீர்! அவனுக்கு வழிசொல்வார் யார்?